ஒரு பெயர், பல குரல்கள்

நான் ஒன்பதாம் தரத்தில் படித்த வருடம். மீலாத் விழாவையொட்டி நடந்த இஸ்லாமிய கீதப் போட்டிக்கு எங்கள் வகுப்பிலிருந்து எட்டுப் பேர் கொண்ட குழுவொன்று சென்றது. விண்ணப்பப் படிவத்தில் 'குழுவின் பெயர்' என்று ஒரு கட்டம் இருந்தது. ஒளி என்று பொருள்படும் ஓர் அரபுச் சொல்லை அதில் எழுதினோம். அதைவிட அழகான பெயர் வேறு யாருக்கும் தோன்றியிருக்காது என்பது எங்கள் நினைப்பு. கண்டிக்கு அப்பால், மலைப்பக்கத்துச் சிறிய பாடசாலையொன்றிலிருந்து வந்த பிள்ளைகளும் அதே சொல்லைத்தான் எழுதியிருந்தார்கள் என்பது அப்போது எங்களுக்குத் தெரியாது.

முடிவு அறிவிக்கும் நேரம் வந்தது. பாடசாலையின் பெயரைச் சொல்லாமல் குழுவின் பெயரை மட்டும் ஒலிபெருக்கியில் வாசித்தார்கள். முதலாமிடம்! நாங்கள் மேடைக்கு ஓடினோம். கிண்ணத்தை வாங்கினோம். படம் எடுத்துக்கொண்டோம். மறுநாள் காலைக்கூட்டத்தில் கைதட்டலும் கிடைத்தது. மூன்று நாட்கள் கழித்துப் புள்ளித்தாள்களைச் சரிபார்த்தபோதுதான் உண்மை வெளிவந்தது. முதலாமிடம் அந்த மலைப்பக்கத்துப் பிள்ளைகளுக்குரியது. நாங்கள் பெற்றது நான்காமிடம்.

பெயர் வாசிக்கப்பட்டபோது அவர்களும் எழுந்தார்களாம். மண்டபத்தின் முன்வரிசையிலிருந்து நாங்கள் ஓடுவதைக் கண்டதும், "அது நாங்கள் இல்லை போல" என்று மீண்டும் உட்கார்ந்துவிட்டார்களாம். இதை அவர்களுடைய ஆசிரியை பிறகு எங்கள் டீச்சரிடம் சொல்லியிருக்கிறார். அந்தச் செய்தி என் மனத்தை விட்டு இன்றுவரை அகலவில்லை. இந்தக் கட்டுரைக்கான தேடலும் அங்கிருந்தே தொடங்கியது. ஒரே பெயரைப் பலர் தாங்குவது தவறா? அவ்வாறு தாங்கும்போது ஒருவருடைய உழைப்பு இன்னொருவருடைய கணக்கில் சேராமல் இருக்க என்ன செய்ய வேண்டும்? உலக மேடைகள் முதல் நமது தமிழ் மரபு வரையும், அதற்கு அப்பால் நமது மார்க்க அறிஞர்களின் ஏடுகள் வரையும் இந்தக் கேள்விக்கு விடை தேடிப் பார்ப்போம். இசை பற்றிய மார்க்கச் சட்ட விவாதம் இக்கட்டுரையின் பொருளன்று. பெயரும் உரிமையும் பற்றியே இங்கு பேசுகிறோம்.

உலக மேடைகளில்

இலங்கையில் 'ஜிப்ஸீஸ்' என்றால் விளக்கம் தேவையில்லை. 1971இல் அன்டன் பெரேரா தம் பிள்ளைகளைச் சேர்த்து மொறட்டுவையில் தொடங்கிய இசைக்குழு அது. அவருடைய மகன் சுனில் பெரேராவின் குரலில் வந்த பைலாப் பாடல்கள் சிங்களம் அறியாதவர்களையும் எட்டின. அவர் 2021 செப்டெம்பரில் காலமானபோது நாடே அவரைப் பற்றிப் பேசியது. ஆனால் மொறட்டுவைக் குழு பிறப்பதற்குச் சில ஆண்டுகளுக்கு முன்பே, 1960களின் நடுப்பகுதியில், அமெரிக்காவின் நியூயோர்க்கில் அதே பெயரோடு ஒரு பெண்கள் குழு பாடிக்கொண்டிருந்தது. மூன்று சகோதரிகளும் அவர்களுடைய தோழி ஒருத்தியும் அதில் இருந்தார்கள். பின்னர் அந்தக் குழு வேறு பெயருக்கு மாறி இங்கிலாந்துக்குச் சென்றது. இரண்டு குழுக்களுக்கும் இடையே சமுத்திரங்கள் இருந்தன. கேட்டவர்கள் வேறு, மொழி வேறு. ஆகவே சண்டையும் எழவில்லை, குழப்பமும் எழவில்லை.

'ஜிப்ஸி' என்ற அந்தச் சொல்லே ஒரு பெயர்ப் பிழையில் பிறந்தது என்பது இன்னொரு சுவையான செய்தி. ஐரோப்பாவில் நாடோடிகளாக வந்து சேர்ந்த ரோமா மக்களை எகிப்திலிருந்து வந்தவர்கள் என்று அங்குள்ளோர் எண்ணினார்கள். 'எகிப்தியர்' என்பதன் சிதைவுதான் 'ஜிப்ஸி'. உண்மையில் அவர்களுடைய முன்னோர் வட இந்தியாவிலிருந்து சென்றவர்கள். ஒரு முழு இனமே தனக்குச் சம்பந்தமில்லாத ஊரின் பெயரைப் பல நூற்றாண்டுகள் சுமந்திருக்கிறது.

எல்லா இடத்திலும் விஷயம் இவ்வளவு அமைதியாக முடிவதில்லை. பௌத்த சமயத்தின் இறுதி இலக்கைக் குறிக்கும் 'நிர்வாணா' என்ற சொல்லை லண்டனில் ஒரு குழு தன் பெயராக வைத்துக்கொண்டு 1967இல் முதல் இசைத்தொகுப்பை வெளியிட்டது. இருபது ஆண்டுகளின் பின், 1987இல், அமெரிக்காவின் வொஷிங்டன் மாநிலத்தில் சில இளைஞர்கள் அதே பெயரில் ஒரு ரொக் குழுவைத் தொடங்கினார்கள். 1991இல் அவர்கள் உலகப் புகழ் அடைந்தார்கள். பெயர் ஒன்றுதான், ஆனால் நினைவில் நின்றவர்கள் பின்னால் வந்தவர்களே. முன்னவர்கள் வழக்குத் தொடுத்தார்கள். 1992இல் இரு தரப்பும் நீதிமன்றத்துக்கு வெளியே உடன்பாடு கண்டன. இருவரும் அதே பெயரைத் தொடர்ந்து பயன்படுத்தலாம் என்பது முடிவு. பின்னர் லண்டன் குழு, அமெரிக்கக் குழுவின் பாடலொன்றைத் தன் பாணியில் பாடிப் பதிவுசெய்தது. வழக்கில் தொடங்கியது ஒருவகை நட்பில் முடிந்தது எனலாம்.

இன்னொரு வழி, பெயருக்கு முன்னால் ஊரைச் சேர்ப்பது. 'சுவேட்' என்ற இங்கிலாந்துக் குழு அமெரிக்காவுக்குச் சென்றபோது, அங்கே அதே பெயரில் ஏற்கெனவே பாடிவந்த பாடகி ஒருவர் எதிர்ப்புத் தெரிவித்தார். அதனால் அமெரிக்காவில் மட்டும் அந்தக் குழு 'லண்டன் சுவேட்' ஆனது. பர்மிங்ஹாமில் 1978இல் தோன்றிய 'பீட்' என்ற குழுவுக்கும் இதே நிலைதான். அமெரிக்காவில் அதே பெயருள்ள குழு இருந்ததால் அங்கே 'இங்கிலிஷ் பீட்' என்று அறியப்பட்டது. இந்தத் தீர்வு நமக்குப் புதியதல்ல என்பதைச் சற்றுப் பின்னர் காண்போம்.

லேடி ஏ: ஒரு கசப்பான பாடம்

இவற்றுள் நாம் நின்று சிந்திக்க வேண்டிய நிகழ்ச்சி 2020இல் நடந்தது. அமெரிக்காவின் நாஷ்வில் நகரத்தைச் சேர்ந்த 'லேடி அண்டபெல்லம்' என்ற மூவர் குழு மிகவும் புகழ்பெற்றது. 'அண்டபெல்லம்' என்ற சொல் அமெரிக்க உள்நாட்டு யுத்தத்துக்கு முந்திய காலத்தைக் குறிக்கும். அது கறுப்பின மக்கள் அடிமைகளாக வாழ்ந்த காலம். 2020 மே மாதத்தில் ஜோர்ஜ் ஃப்ளொய்ட் என்ற கறுப்பினத்தவர் பொலிஸாரின் பிடியில் உயிரிழந்ததை அடுத்து நாடெங்கும் எதிர்ப்பு எழுந்தது. அந்தச் சூழலில், தம் பெயர் மற்றவர்களைப் புண்படுத்துவதை உணர்ந்ததாகக் கூறி, அந்தக் குழு ஜூன் மாதத்தில் 'லேடி ஏ' என்று பெயரைச் சுருக்கிக்கொண்டது.

எண்ணம் நல்லது. ஆனால் அந்தப் பெயரில் இன்னொருவர் இருந்தார். சியாட்டில் நகரில் அனிட்டா வைட் என்ற கறுப்பினப் பெண் 'லேடி ஏ' என்ற பெயரிலேயே இருபது ஆண்டுகளுக்கும் மேலாக ப்ளூஸ் பாடல்களைப் பாடி, இசைத்தொகுப்புகளையும் வெளியிட்டு வந்தார். கறுப்பின மக்களுக்கு மரியாதை செய்யப் புறப்பட்ட பெயர் மாற்றம் ஒரு கறுப்பினப் பெண்ணின் பெயரையே மூடி மறைத்தது. கணினியில் 'லேடி ஏ' என்று தேடியவர்களுக்கு முதலில் கிடைத்தது புகழ்பெற்ற குழு. அவருடைய பாடல்கள் அடியில் அமிழ்ந்தன.

இரு தரப்பும் பேசிப் பார்த்தன, பேச்சு முறிந்தது. 2020 ஜூலையில் குழுவினரே முதலில் நீதிமன்றம் சென்றார்கள். அந்தப் பெயரைத் தாம் பல ஆண்டுகளுக்கு முன்பே வியாபாரக் குறியாகப் பதிவுசெய்திருந்ததால், அதைப் பயன்படுத்தத் தமக்கு உரிமையுண்டு என்று அறிவிக்கும்படி கேட்டார்கள். அனிட்டா வைட் செப்டெம்பரில் எதிர்வழக்குத் தொடுத்தார். 2022இல் இரண்டு வழக்குகளும் உடன்பாட்டோடு முடிவுக்கு வந்தன. நிபந்தனைகள் வெளியிடப்படவில்லை.

இந்த வழக்கில் யாரும் திருட நினைக்கவில்லை. பெயர் சூட்டியவர்கள் தேடிப் பார்க்கவில்லை, அவ்வளவுதான். ஆனால் தேடிப் பார்க்காததன் விலையை யார் கொடுத்தார்கள்? பெயர்கள் ஒன்றாகிக் குழம்பும்போது இழப்பு பெரும்பாலும் சிறியவரின் தலையில் விழுகிறது. பெரியவருக்கு அது ஒரு சங்கடம், சிறியவருக்கோ வாழ்நாள் உழைப்பு. எங்கள் கிண்ணத்தின் கதையை நான் இதனோடு ஒப்பிடுவது மிகையாகத் தோன்றலாம். ஆனால் மண்டபத்தின் பின்வரிசையில் எழுந்து மீண்டும் உட்கார்ந்த பிள்ளைகளுக்கு அது மிகையாக இருந்திருக்காது.

பெயர்கள் ஏன் ஒன்றாகின்றன?

இதற்குக் காரணம் எளியது. மனிதர் ஆசைப்படும் பொருள்கள் சில. ஒளி, நிலவு, நட்சத்திரம், தென்றல், விடியல் என்று நல்ல சொற்களின் பட்டியல் எல்லா மொழியிலும் குறுகியது. பெயர் சூட்டுவோரின் கூட்டமோ பெரியது. வேறு வேறு ஊர்களில் இருப்பவர்கள், ஒருவரை ஒருவர் அறியாமல், அதே கூடையிலிருந்து அதே பூவை எடுக்கிறார்கள். முன்பு ஊர்களுக்கு இடையிலான தூரமே அவர்களைப் பிரித்து வைத்தது. இன்று கைத்தொலைபேசி எல்லாக் குரல்களையும் ஒரே பட்டியலில் கொண்டுவந்து வைத்துவிட்டது. ஒரே பெயருள்ள இருவரின் பாடல்கள் ஒரே பக்கத்தில் கலந்து கிடப்பது இப்போது சாதாரணம்.

இதற்கு நமது வகுப்பறையை விடச் சிறந்த உதாரணம் எதற்கு? வரவுப் பதிவேட்டைத் திறந்தால் பாதிப் பெயர்களுக்கு முன்னால் 'எப்.' என்ற எழுத்து நிற்கிறது. அன்னை பாத்திமா (ரழி) மீதுள்ள அன்பினால் இலங்கை முஸ்லிம் பெற்றோர் மகளுக்கு அந்தப் பெயரை முதலில் வைத்து, அதன்பிறகே மற்றப் பெயரை வைக்கிறார்கள். மற்றப் பெயரும் ஒன்றாகிவிட்டால் டீச்சர் என்ன செய்கிறார்? "மாத்தளையிலிருந்து வாற பிள்ளை", "மூத்தவ பத்தாம் தரத்துல படிக்கிறவ" என்று ஊரையும் உறவையும் சேர்க்கிறார். இதைச் செய்ய அவருக்கு யாரும் கற்றுக்கொடுக்கவில்லை. ஆனால் அறிஞர்கள் பல நூற்றாண்டுகளாகச் செய்த வேலையையே அவரும் செய்கிறார்.

சட்டத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. பாடலும் மெட்டும் ஆக்கியோரின் பதிப்புரிமைக்கு உட்பட்டவை. ஒரு குழுவின் பெயரோ வியாபாரக் குறி என்ற வகையில்தான் பாதுகாப்புப் பெறும். இலங்கையில் இவ்விரண்டும் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்க புலமைச் சொத்துச் சட்டத்துள் அடங்குகின்றன. ஆனால் லேடி ஏ வழக்கு காட்டுவதுபோல, பதிவுசெய்தவரிடம் பத்திரம் இருக்கலாம், நியாயம் முழுவதும் அவரிடமே இருக்கும் என்பதற்கில்லை. சட்டம் வருவதற்கு முன்பே மனிதர்கள் இந்தச் சிக்கலுக்கு வழி கண்டிருந்தார்கள்.

நமது இசைமரபு காட்டும் வழி

தமிழ்நாட்டின் கர்நாடக இசை மேடைகளில் ஒரே காலத்தில் இரண்டு ஸ்ரீநிவாச ஐயர்கள் புகழோடு விளங்கினார்கள். ஒருவர் செம்மங்குடி ஸ்ரீநிவாச ஐயர், மற்றவர் ஆலத்தூர் ஸ்ரீநிவாச ஐயர். ரசிகர்கள் 'செம்மங்குடி' என்றே சொல்லிவிடுவார்கள். ஊரின் பெயரே மனிதரின் பெயராகிவிட்டது. ஆலத்தூராரோ சிவசுப்பிரமணிய ஐயர் என்பவரோடு இணைந்து 'ஆலத்தூர் சகோதரர்கள்' என்று பாடினார். அவர்கள் உடன்பிறந்தவர்கள் அல்லர். பெயரை மட்டும் நம்பினால் அதிலும் ஏமாறுவோம்.

இன்னும் நல்ல உதாரணம் தட்சிணாமூர்த்தி என்ற பெயர். புதுக்கோட்டை தட்சிணாமூர்த்திப் பிள்ளை மிருதங்கத்திலும் கஞ்சிராவிலும் மேதை. அவருக்கு அடுத்த தலைமுறையில் நமது நாட்டின் யாழ்ப்பாணம் தட்சிணாமூர்த்தி தவில் வாசித்து இந்தியாவையும் வியக்கவைத்தார். இருவரும் தாளக் கலைஞர்கள், இருவரையும் பிரிப்பது ஊர். சினிமா இசைக்கு வந்தால் அங்கும் இரண்டு தட்சிணாமூர்த்திகள். தெலுங்குத் திரையுலகைச் சேர்ந்த எஸ். தட்சிணாமூர்த்தி 1955இல் வெளிவந்த 'மங்கையர் திலகம்' படத்துக்கு இசையமைத்தவர். மலையாளத் திரையுலகின் மூத்த இசையமைப்பாளரான வி. தட்சிணாமூர்த்தியும் தமிழ்ப் படங்களுக்கு இசை தந்திருக்கிறார். இங்கே இருவரையும் பிரிப்பது ஒரேயொரு தலைப்பெழுத்து. பாடல்களைத் தொகுப்பவர் அந்த ஓர் எழுத்தைச் சோம்பலால் விட்டுவிட்டால் ஒருவரின் மெட்டு மற்றவருக்குப் போய்விடும்.

நமது வீடுகளில் ரமழான் காலத்தில் ஒலிக்கும் குரலை எடுத்துக்கொள்வோம். ஹனீபா என்ற பெயரில் நமது ஊர்களில் எத்தனை பேர்! ஆனால் 'நாகூர் ஹனீபா' என்றால் ஒருவர்தான். 1925இல் பிறந்து 2015இல் மறைந்த இசைமுரசு ஈ.எம். ஹனீபாவின் முழுப்பெயர் இஸ்மாயில் முஹம்மது ஹனீபா. முன்னால் ஊரும், எழுத்தில் தகப்பனாரின் பெயரும், இறுதியில் தமது பெயருமாக அது அமைந்திருக்கிறது. காயல் ஷேக் முஹம்மது என்ற பாடகரின் பெயரும் அப்படித்தான். ஷேக் முஹம்மது பலர் இருக்கலாம், காயல்பட்டினத்தைச் சேர்த்ததும் குரல் தனித்துக் கேட்கிறது. 'லண்டன் சுவேட்' என்று இங்கிலாந்துக் குழு பிறகு கண்டுபிடித்த தீர்வு நமக்கு வழிவழியாக வந்தது.

புலவர்களும் பெயர்களும்

இசையிலிருந்து இலக்கியத்துக்குத் திரும்பினால் அதே கதைதான். சங்கப் புலவர்களின் பெயர்களை நாம் பரீட்சைக்காக மனனம் செய்கிறோம். 'மதுரைக் கூலவாணிகன் சீத்தலைச் சாத்தனார்' என்ற பெயரில் வாழ்ந்த நகரம் இருக்கிறது, தொழில் இருக்கிறது, சீத்தலை என்ற ஊரும் இருக்கிறது, கடைசியில்தான் சாத்தன் என்ற பெயர் வருகிறது. 'மதுரைக் கணக்காயனார் மகனார் நக்கீரனார்' என்பதில் ஊரோடு தந்தையும் சேர்கிறார். இவ்வளவு நீளமான பெயர்கள் எதற்கு என்று சலித்துக்கொண்டவர்களில் நானும் ஒருத்தி. சாத்தன் என்பது அக்காலத்தில் வழங்கிவந்த பொதுப்பெயர் என்று அறிந்த பிறகுதான் அந்த நீளத்தின் நியாயம் புரிந்தது.

இந்த அடைமொழிகள் இல்லாத இடத்தில் என்ன நடக்கும் என்பதற்கு ஔவையாரே சாட்சி. அதியமானைப் பாடிய சங்ககால ஔவையாரின் பெயரில் 59 பாடல்கள் உள்ளன. ஆத்திசூடியும் கொன்றைவேந்தனும் தந்த ஔவையார் பல நூற்றாண்டுகள் பிந்தியவர். அந்தப் பெயரில் வேறு காலங்களிலும் பெண்பாற் புலவர்கள் இருந்திருக்கிறார்கள் என்பது ஆராய்ச்சியாளர் கருத்து. ஆனால் மக்கள் மனத்தில் இருப்பவர் ஒரே ஔவைப் பாட்டிதான். அவர் கையில் ஒரு கோல், வாயில் ஒரு நீதிமொழி, வயதோ ஆயிரம் ஆண்டு! பாட்டி நமக்குக் கிடைத்தார், உண்மைதான். ஆனால் தத்தம் காலத்தில் தத்தம் வாழ்க்கையை வாழ்ந்து கவிபாடிய வேறு வேறு பெண்களை நாம் தொலைத்தோம்.

நமது கண்டி மண்ணிலும் இதற்கு ஓர் உதாரணம் உண்டு. முஹ்யித்தீன் அப்துல் காதிர் ஜீலானி (ரஹ்) அவர்கள் மீதுள்ள மதிப்பினால் அப்துல் காதிர் என்ற பெயர் தமிழ் முஸ்லிம்களிடையே மிகவும் பரவியது. தமிழ் ஞானப்பாடல்களால் புகழ்பெற்ற குணங்குடி மஸ்தான் சாகிபின் இயற்பெயர் சுல்தான் அப்துல் காதிர். இராமநாதபுரம் பகுதியிலுள்ள குணங்குடியில் 1792இல் பிறந்து, 1838இல் சென்னையில் மறைந்தவர். அவருக்குப் பின் 1866இல் நமது கண்டிப் பகுதியில் பிறந்து, 1918இல் மறைந்தவர் அருள்வாக்கி அப்துல் காதிர் புலவர். 'கண்டிக் கலம்பகம்', 'சலவாத்துப் பதிகம்' முதலான நூல்களைத் தந்தவர் இவர். இருவரும் அப்துல் காதிர், இருவரும் தமிழ்க் கவிஞர், இருவரும் இறைக்காதலைப் பாடியவர்கள். ஒருவரை 'குணங்குடி' என்ற ஊரும், மற்றவரை 'அருள்வாக்கி' என்ற பட்டமும் காப்பாற்றுகின்றன. இந்த இரண்டு சொற்களையும் எடுத்துவிட்டு, 'அப்துல் காதிர் பாடல்கள்' என்று மட்டும் ஒரு புத்தகத்தின் மேல் எழுதினால் என்ன ஆகும்? பெயர் பரவலாகத் தெரிந்தவரிடம் எல்லாம் போய்ச் சேரும். நமது ஊர்ப் புலவர் தமது கலம்பகத்தையும் இழந்து நிற்பார்.

ஹதீஸ் அறிஞர்கள் வகுத்த ஒழுங்கு

இந்தச் சிக்கலை ஒரு தனிக்கலையாகவே வளர்த்தவர்கள் நமது ஹதீஸ் அறிஞர்கள். ஒரு செய்தியை நபி (ஸல்) அவர்களிடமிருந்து இன்னாரிடம் இன்னார் கேட்டார் என்று வரும் அறிவிப்பாளர் தொடரில், ஒரே பெயருள்ள இருவரில் ஒருவர் நம்பகமானவராகவும் மற்றவர் நினைவாற்றல் குறைந்தவராகவும் இருந்தால்? ஆளை மாற்றிப் புரிந்துகொண்டால், பலவீனமான செய்தி பலமானதாகத் தோன்றும். பலமான செய்தி தள்ளப்படும். எனவே பெயர் ஒன்றாயும் ஆள் வேறாயும் இருப்போரைப் பற்றி ஆராயும் பிரிவுக்கு 'முத்தஃபிக் வல் முஃப்தரிக்' என்று பெயரிட்டார்கள். பெயரால் ஒன்றுபட்டவர், ஆளால் பிரிந்தவர் என்பது அதன் கருத்து. ஹிஜ்ரி 463இல் மறைந்த கதீப் அல்-பக்தாதி (ரஹ்) இதே தலைப்பில் ஒரு பெரிய நூலையே எழுதினார்.

ஹிஜ்ரி 643இல் மறைந்த இமாம் இப்னுஸ் ஸலாஹ் (ரஹ்) தமது புகழ்பெற்ற 'முகத்திமா'வில் இதற்குக் காட்டும் உதாரணம் கலீல் இப்னு அஹ்மத் என்ற பெயர். தம் பெயர் மட்டுமன்றித் தந்தை பெயரும் ஒன்றாக உள்ள ஆறு பேரை அவர் வரிசைப்படுத்துகிறார். முதலாமவர் அரபுக் கவிதையின் யாப்பிலக்கணத்தை வகுத்த பஸராவின் மாமேதை. இரண்டாமவரும் பஸராக்காரர்தான். அப்படியானால் ஊரைச் சேர்த்தாலும் போதாது. இறுதி இருவருக்கும் 'அபூ ஸயீத்' என்ற புனைபெயரும் ஒன்று, 'புஸ்த்' என்ற ஊரும் ஒன்று! அங்கே அவர்களுடைய பதவியும் சட்டப்பள்ளியும் கொண்டுதான் பிரிக்க வேண்டியிருக்கிறது.

'அப்துல்லாஹ்' என்று மட்டும் ஒருவர் சொன்னால் யாரைக் குறிக்கும் என்பதற்கும் அறிஞர்கள் அழகான விதி வைத்திருந்தார்கள். மதீனாவில் சொன்னால் இப்னு உமர், கூபாவில் சொன்னால் இப்னு மஸ்ஊத், குராசானில் சொன்னால் இப்னுல் முபாரக். சொல்பவர் நிற்கும் இடத்தைப் பார்த்து ஆளை அறிய வேண்டும். மொறட்டுவையில் 'ஜிப்ஸீஸ்' என்பதற்கும், நியூயோர்க்கில் 'ஜிப்ஸீஸ்' என்பதற்கும் உள்ள வேறுபாடும் இதுதானே!

இந்த அறிஞர்கள் யாரையும் பார்த்து, "உன் பெயரை மாற்றிக்கொள்" என்று சொல்லவில்லை. பெயர் பொதுவானது, அதை யாரும் சூடலாம். ஆனால் ஒருவருடைய சொல்லை இன்னொருவர் மேல் ஏற்ற யாருக்கும் உரிமை இல்லை என்பதில் உறுதியாக நின்றார்கள். ஊர், தந்தை, ஆசான், காலம், தொழில் என்று அடையாளங்களைத் தேடிப் பயணம் செய்தார்கள். பெயரைச் சரியாகச் சொல்வதை அவர்கள் ஓர் அமானிதமாகவே கருதினார்கள்.

நாம் செய்யக் கூடியவை

இவற்றிலிருந்து நமது பாடசாலை வாழ்வுக்கு எடுத்துக்கொள்ளக்கூடிய சில பழக்கங்கள் உண்டு.

1. குழுவுக்கோ கையெழுத்துச் சஞ்சிகைக்கோ பெயர் சூட்டுமுன், அயல் பாடசாலைகளில் அதே பெயர் உண்டா என்று விசாரிப்போம். உண்டு என்றால் மாற்றுவது ஒரு வழி. மாற்ற மனமில்லையென்றால் ஊரைச் சேர்ப்பது இன்னொரு வழி.

2. போட்டிகளிலும் விழாக்களிலும் அறிவிப்பாளராக நிற்கும்போது குழுவின் பெயரோடு பாடசாலையையும் ஊரையும் சேர்த்தே வாசிப்போம். இதற்கு மூன்று விநாடிகள் போதும்.

3. ஒரு பாடலைப் பாடுமுன் அதை எழுதியவர் யார், மெட்டமைத்தவர் யார் என்று கேட்டு அறிவோம். "பழைய பாட்டு" என்று சொல்லிவிடுவது எளிது. ஆனால் ஒவ்வொரு பழைய பாட்டுக்கும் ஒருவர் இருந்தார்.

4. கட்டுரைகளில் புலவர் பெயரை எழுதும்போது அடைமொழியையும் தலைப்பெழுத்தையும் விட்டுவிடாதிருப்போம். நூலகங்கள் ஒரே பெயருள்ள எழுத்தாளர்களைப் பிரிப்பதற்குப் பிறந்த ஆண்டைச் சேர்ப்பது வழக்கம். நாமும் அதைப் பின்பற்றலாம்.

5. வீட்டிலுள்ள பழைய படங்களுக்கும் ஒலிநாடாக்களுக்கும் பின்னால் பெயர், ஊர், வருடம் மூன்றையும் எழுதி வைப்போம். பெற்றோர்கள் இதற்கு உதவலாம். உம்மம்மாவின் தோழியை அடையாளம் சொல்லக் கூடியவர் உம்மம்மா ஒருவர்தான், அவரிடம் இன்றே கேட்க வேண்டும்.

கிண்ணம் திரும்பிய நாள்

தொடங்கிய கதையை முடிக்க வேண்டும். பிழை தெரிந்த பின் வந்த சனிக்கிழமை எங்கள் டீச்சர் எட்டுப் பேரையும் பஸ்ஸில் ஏற்றி அந்தப் பாடசாலைக்கு அழைத்துச் சென்றார். கிண்ணத்தைத் தபாலில் அனுப்பலாமே என்று எங்களில் ஒருத்தி கேட்டாள். "கையால வாங்கினதக் கையாலதான் குடுக்கணும்" என்றார் டீச்சர். வளைந்து வளைந்து ஏறிய பாதை முழுவதும் கிண்ணம் என் மடியில் இருந்தது. இவ்வளவு பாரமான பொருளை அதற்கு முன் நான் சுமந்ததில்லை.

ஏச்சுக் கேட்கப் போகிறோம் என்றுதான் நினைத்திருந்தோம். அந்தப் பிள்ளைகளோ தேநீரும் பணியாரமும் வைத்து எங்களை உட்காரச் சொன்னார்கள். பிறகு வரிசையாக நின்று அந்தப் பாடலை எங்களுக்காகப் பாடினார்கள். போட்டியன்று எங்கள் முறைக்கான பதற்றத்தில் நாங்கள் அதைக் கவனித்துக் கேட்கவே இல்லை. அன்றுதான் முதன்முறையாகக் கேட்டோம். அவர்களுக்கு ஏன் முதலாமிடம் கிடைத்தது என்பது முதல் அடியிலேயே விளங்கிவிட்டது.

புறப்படும்போது பாடல் எழுதிய தாளொன்றைத் தந்தார்கள். அதன் அடியில் எழுதியவரின் பெயர், மெட்டமைத்த பிள்ளையின் பெயர், தரம், பாடசாலை, ஊர், வருடம் எல்லாம் அழகான எழுத்தில் இருந்தன. அந்தத் தாளை இன்றும் வைத்திருக்கிறேன். அந்தச் சம்பவத்துக்குப் பின் எங்கள் குழுவும் பெயரை மாற்றவில்லை, அவர்களும் மாற்றவில்லை. இரண்டு குழுக்களும் அதே ஒளியின் பெயரிலேயே அடுத்த வருடமும் மேடையேறின. ஒரே ஒரு வித்தியாசம்: இந்த முறை இரு படிவங்களிலும் பெயருக்கு முன்னால் ஊர் இருந்தது.